பத்து யூரோவில் லிஸ்பன் சாப்பாடு

லிஸ்பனுக்கு வரும் நண்பர்கள் விமான டிக்கெட் எடுத்த கையோடு எனக்கு எழுதுவது ஒன்றுதான்: "சாப்பிட நல்ல இடமாக நாலு பெயர் சொல்லுங்கள், விலை கையைக் கடிக்கக் கூடாது." நான் பெயர் சொல்வதில்லை. சொன்னால், பகலெல்லாம் ஊரைச் சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்கு அங்கே போய் நிற்பார்கள்; கடை சாத்தியிருக்கும். திறந்திருந்தாலும், மதியம் பத்து யூரோவுக்குக் கிடைத்தது இரவில் பதினெட்டு ஆகியிருக்கும். அதனால் நேரத்தைச் சொல்கிறேன். பகல் பன்னிரண்டரைக்குப் பசியோடு இருங்கள். கோட்டையையும் தேவாலயத்தையும் அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ருசியும் மலிவும் ஒரே தட்டில் வந்து விழுவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

இதற்குக் காரணம் சமையல்காரரின் தாராள மனது அல்ல, சம்பளக் கணக்கு. மேற்கு ஐரோப்பாவில் போர்ச்சுகல் சம்பளம் குறைந்த நாடு. 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 870 யூரோ. ஆனால் சம்பளத்தோடு, வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் உணவுப்படி தருவது இங்கே வழக்கம். அரசு ஊழியர்களுக்கு அது 2023இல் நாளுக்கு 6 யூரோ ஆனது. தனியார் நிறுவனங்கள் அதற்கென்றே உள்ள அட்டையில் போட்டுக் கொடுத்தால், 2025இல் 10 யூரோ 20 சென்ட் வரை வரி கிடையாது. தெருமுனை உணவகக்காரர் விலை எழுதும்போது அவர் மனத்தில் ஓடுவது இந்த எண்கள்தான். தச்சரும் வங்கிக் குமாஸ்தாவும் தினமும் வர வேண்டுமென்றால் விலை அந்தப் படியை ஒட்டியே நிற்க வேண்டும். கொஞ்சம் ஏறினாலும் அவர்கள் மறுநாளிலிருந்து வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இந்தக் கடிவாளம் இல்லை. இரவில் வருபவர் பொழுதுபோக்க வருகிறவர்; அவரிடம் என்ன விலையும் சொல்லலாம்.

ஆகவே, தேட வேண்டிய சொல் 'ப்ராத்து து தியா', அதாவது அன்றைய சாப்பாடு. தேட வேண்டிய கடை 'தாஷ்கா'. பத்துப் பன்னிரண்டு மேசை, மேலே ஒரு டிவி, சமையலறையில் பெரும்பாலும் முதலாளியின் மனைவியோ அம்மாவோ. இந்தக் கடைகளில் பலவற்றுக்கு வேர், ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அந்தக் காலத்தில் நடத்திய கரிக்கடைகள். முன்பக்கம் அடுப்புக்கரி விற்பார்கள், பின்பக்கம் ஒயின் ஊற்றிக் கொடுப்பார்கள், குடிப்பவருக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வறுத்துக் கொடுப்பார்கள். கரி போய்விட்டது, வறுவல் தங்கிவிட்டது.

என் அலுவலகம் அரோயுஷ் பகுதியில். பின்தெருவில் ஒரு தாஷ்கா இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. பதினொன்றரை மணிக்கு முதலாளி வெளியே வந்து கண்ணாடியில் ஒரு காகிதத்தை ஒட்டுவார். மேசை விரிப்புச் சுருளிலிருந்து கிழித்தது, ஓரம் கோணலாக இருக்கும். அதில் பால்பாயின்ட் பேனாவால் ஐந்தாறு வரி. பாரை இனத்துச் சிறு மீன் பொரித்தது, கூடத் தக்காளிச் சோறு. கணவாய் வறுவல். காட் மீனை உப்பிட்டு உலர்த்தி, உரித்து, முட்டையும் குச்சி உருளைக்கிழங்கும் சேர்த்துப் புரட்டிய 'பகல்யாவ் ஆ பிராஷ்'. வியாழக்கிழமையானால் 'கொசீது': பல வகை இறைச்சி, முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்தது. ஒவ்வொன்றாகத் தீரத் தீர அதே பேனாவை எடுத்துக்கொண்டு வந்து குறுக்கே ஒரு கோடு இழுப்பார். ஒன்றே முக்காலுக்குப் போனால் பாதிப் பட்டியல் அடிபட்டிருக்கும். இரண்டே காலுக்குப் போனால் ஆம்லெட்தான்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் அலென்தேஜு பிரதேசத்துக்காரர். சாப்பாட்டு விஷயத்தில் கறாரானவர். "காகிதத்தில் எட்டுக்கு மேல் இருந்தால் நம்பாதீர்கள். ஒரே ஆள் ஒரு காலைக்குள் எட்டு வகைக்கு மேல் சமைக்க முடியாது. மிச்சமெல்லாம் ஃபிரிட்ஜிலிருந்து வருகிறது" என்பார். இதுவரை அவர் சொன்னது பொய்க்கவில்லை. நான் பார்க்கும் மற்ற அடையாளங்கள் இவை. பிரதிபலிக்கும் சட்டை போட்ட தொழிலாளர்களும் டை கட்டியவர்களும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்திருந்தால் நல்லது. ஒரு மணிச் செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தால் நல்லது. வாசலில் ஒருவர் மெனுவைப் பிடித்துக்கொண்டு "எந்த நாடு?" என்று கேட்டால் நடையைக் கட்டுங்கள். ஐந்து மொழி மெனு, உணவின் வண்ணப் படங்கள், "சமையலறை நாள் முழுதும் திறந்திருக்கும்" என்ற அறிவிப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம். ஊர்க்காரர்களின் சமையலறை மூன்று மணிக்கு அணைந்து ஏழுக்கு மேல்தான் மறுபடி பற்றும். பீர்க் கடைகளான 'செர்வெஜாரியா'க்கள் மட்டும் இதற்கு விலக்கு.

பைஷா, ஆல்ஃபாமா போன்ற நடுப்பகுதிகளில் இத்தகைய கடைகள் அருகிவிட்டன. 2012இல் வாடகைச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பழைய வாடகையில் பல காலமாக ஓடிக்கொண்டிருந்த கடைகளுக்கு அதோடு பாதுகாப்புப் போயிற்று. கட்டடங்கள் சுற்றுலா விடுதிகளாக மாறின. பழம்பெரும் கடைகளைக் காக்க மாநகராட்சி 2015இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது என்றாலும், எல்லாத் தாஷ்காவும் அதில் வர முடியாது. ஆகவே மெட்ரோவில் ஏறிவிடுங்கள். அல்வலாட், அரீயேரு, பென்ஃபீக்கா, மெட்ரோ போகாத காம்பு து ஓரிக் என்று மக்கள் குடியிருந்து வேலை பார்க்கும் எந்தப் பகுதியிலும், பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனால் காகிதம் ஒட்டிய கண்ணாடி தட்டுப்படும். நடுவூரிலேயே சாப்பிட்டாக வேண்டும் என்றால், வாசலில் ஆள் பிடிப்பவர்களுக்குப் பேர்போன போர்தாஷ் து சாந்து அந்தாவ் தெருவிலேயே 'காசா து அலென்தேஜு' இருக்கிறது. அலென்தேஜுவிலிருந்து தலைநகருக்கு வந்தவர்களின் சங்கம் 1930களிலிருந்து அங்கே இயங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். படியேறினால் மூரிஷ் பாணி வளைவுகளோடு ஒரு முற்றம் விரியும். சங்கத்தின் உணவகம் மாடியில் இருக்கிறது. முற்றத்தை ஒட்டிய சிறு கடையில் உட்கார்ந்தால் செலவு இன்னும் குறையும்.

இனி 'கூவேர்'. நீங்கள் உட்கார்ந்ததும், கேட்காமலேயே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ், பாலாடைக்கட்டி, மத்திமீன் விழுது எல்லாம் மேசைக்கு வந்துவிடும். இலவசம் என்று எண்ணிக்கொள்பவர்கள்தான் அதிகம். பைஷாவில் ஒரு உணவகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் வயதான தம்பதி ஒன்று. பேசிக்கொண்டே மொத்தத்தையும் காலி செய்தார்கள். ஆலிவ் தீர்ந்ததும் பரிமாறுபவர் இரண்டாவது கிண்ணமும் கொண்டுவந்து வைத்தார். பில் வந்ததும் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கூவேருக்கு மட்டும் ஒருவர் சாப்பாட்டு விலை. பரிமாறுபவர் மெனுவின் கடைசிப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்து வரியைக் காட்டினார். மனைவி "ஆலிவ் நன்றாகத்தான் இருந்தது" என்றார். அதற்குமேல் கணவரால் என்ன பேச முடியும்?

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவானது. 2015இல் வந்த வணிக விதிகளின்படி, வாடிக்கையாளர் கேட்காத எதற்கும், கூவேர் உட்பட, பணம் வாங்கக் கூடாது. அவர் கைவைத்து அதைப் பயன்படாமல் செய்துவிட்டால் மட்டும் வாங்கலாம். எனவே வந்து வைக்கும்போதே "நவ், ஒப்ரிகாது" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிடுங்கள், சொல்பவர் பெண்ணானால் "ஒப்ரிகாதா". முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தினமும் பத்துப் பேர் அப்படிச் சொல்கிறார்கள். தொடாததைப் பில்லில் சேர்த்தால் 'லிவ்ரு து ரெக்லமசோய்ஷ்' கேளுங்கள். அது புகார்ப் புத்தகம். எல்லா உணவகத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அந்தப் பெயரைச் சொன்னதுமே பில் திருந்திவிடும். ஆனால் தாஷ்காவில் ரொட்டியையும் ஆலிவையும் திருப்பி அனுப்பிச் சிக்கனம் காட்ட வேண்டாம். ஒன்றிரண்டு யூரோதான் ஆகும். அந்த ரொட்டி இல்லாவிட்டால் தட்டில் மிஞ்சும் பூண்டு எண்ணெயை எதைக்கொண்டு துடைப்பது?

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். மெனு அட்டையில் பல இடங்களில் இரண்டு விலை இருக்கும்: 'தோஸ்', 'மெய்யா தோஸ்'. முழு அளவு, அரை அளவு. முழு அளவை நீள்வட்ட எவர்சில்வர் தட்டில் குவித்துக் கொண்டுவருவார்கள். இரண்டு பேருக்குத் தாராளம். ஒருவருக்கு அரையே போதும். அதற்குமுன் இரண்டு இரண்டரை யூரோவுக்கு ஒரு சூப் வாங்கினால், அந்த அரையும் மிஞ்சலாம். போர்த்துகீசிய சூப் உருளைக்கிழங்கும் காய்கறியும் அரைத்த கெட்டிக் குழம்பு. பசியை நிஜமாகவே ஆற்றும். நம்மவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி, ஐரோப்பாவிலேயே தலைக்கு அதிகமாக அரிசி சாப்பிடுகிறவர்கள் போர்த்துகீசியர்கள். தக்காளிச் சோறு, பயற்றுச் சோறு, வாத்துச் சோறு, ஆக்டோபஸ் சோறு என்று ஒரு வரிசையே இருக்கிறது. அதிலும் தக்காளிச் சோற்றைக் குழைவாக, கரண்டியில் வழியும் பதத்தில் இறக்குவார்கள். பச்சைக் கொத்தமல்லியையும் ஐரோப்பாவில் இவர்கள் அளவுக்கு அள்ளிப் போடுகிறவர்கள் இல்லை. காரம் மட்டும் வராது. அமெரிக்காவிலிருந்து மிளகாயைக் கப்பலேற்றி நமக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தாங்கள் உப்பும் பூண்டுமாக உட்கார்ந்துவிட்டார்கள். 'பிரி-பிரி' என்று கேட்டால் மிளகாய் எண்ணெய்ப் புட்டி வரும். அதைச் சாப்பாட்டின் மேல் ஊற்றுவதை முதலாளியின் மனைவி பார்க்காமல் இருப்பது நல்லது.

மீன் சுடுகிற கடைகளில் ஒரு எச்சரிக்கை. கண்ணாடிப் பெட்டியில் பனிக்கட்டி மேல் பெரிய மீன்கள் இருந்தால் பெரும்பாலும் விலை கிலோவுக்கு. மெனுவிலும் அப்படித்தான் இருக்கும். சுடுவதற்கு முன்பே நிறுத்துக் காட்டச் சொல்லி, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய சாப்பாட்டுப் பட்டியலில் உள்ள சிறு மீனுக்கு இந்தத் தொல்லை இல்லை, ருசியிலும் அது குறைந்ததல்ல. திங்கட்கிழமை மீன் வேண்டாம் என்பது ஊர்வழக்கு. ஞாயிறன்று படகுகள் கடலுக்குப் போவதில்லை, திங்களன்று சந்தையில் மீன்கடைகள் வெறிச்சோடிக் கிடக்கும். மத்தி சாப்பிட ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜூன் 12ஆம் தேதி இரவு புனித அந்தோணியார் விழாவில் தெருவெங்கும் மத்தி சுடுவார்கள். ஆல்ஃபாமாவில் அன்று விலையும் புகையோடு சேர்ந்து மேலே போகும். வேடிக்கைக்குப் போங்கள், பசிக்கு வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும்போது இரண்டு விஷயம். சிறு கடைகள் பலவற்றில் உள்நாட்டு 'முல்திபாங்கு' அட்டை மட்டுமே செல்லும், வெளிநாட்டு அட்டையைக் கருவி ஏற்காது. இருபது யூரோ நோட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பில் போடும்போது "கொன்த்ரிபுயின்த்?" என்று கேட்பார்கள். அது உங்கள் வரி எண். பில்லில் அதைச் சேர்த்தால் இங்கே வரி கட்டுபவர்களுக்கு உணவக வரியில் ஒரு பகுதி ஆண்டுக் கணக்கில் கழியும். சுற்றுலா வந்தவர் "நவ்" என்று தலையாட்டினால் போதும். என் தாஷ்காக்காரர் இன்னமும் முதலில் மேசைக் காகித விரிப்பிலேயே கூட்டிக் காட்டிவிட்டுத்தான் கருவியிடம் போகிறார். டிப்ஸ் கட்டாயமில்லை, மிச்சச் சில்லறையை விட்டுவிட்டு வருவது வழக்கம்.

சைவர்கள் பாடு சற்றுக் கடினம், ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தாஷ்காவில் "இறைச்சி சாப்பிடமாட்டேன்" என்றால் மீன் வரும். "மீனும் வேண்டாம்" என்றால் டூனா போட்ட சாலட் வரும். எனவே வேண்டாதவற்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். 'கால்து வெர்து' என்ற கீரைச் சூப்பில் பன்றித் தொத்திறைச்சி வில்லை ஒன்று மிதக்கும். "செய்ங் ஷோரிசு" என்றால் அது இல்லாமல் தருவார்கள். ஆனால் சூப்பையே இறைச்சி போட்டுக் கொதிக்கவைத்தார்களா என்பதையும் கேட்டுவிட வேண்டும். பயற்றுச் சோற்றுக்கும் அதே கேள்வி. 'பெய்ஷீனியுஷ் த ஓர்த்தா' கிடைத்தால் விடாதீர்கள். அது பீன்ஸ் பஜ்ஜிதான். ஜப்பானியரின் டெம்புராவுக்கு மூலம் இதுதான் என்பார்கள், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரோடு அங்கே போனது. மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பல்கலைக்கழகம், மருத்துவமனை போன்றவற்றின் உணவகங்களில் தினமும் ஒரு முழுச் சைவச் சாப்பாடு இருந்தாக வேண்டும்.

முழுச் சைவர்களை நான் அனுப்பும் இடம் லுமியார் பக்கம் உள்ள ராதா கிருஷ்ணர் கோயில். அங்கே கோயிலை ஒட்டி ஒரு உணவகம் உண்டு, யாரும் போகலாம். 1975இல் மொசாம்பிக் விடுதலை பெற்றபோது அங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்த குஜராத்திகள் பலர் லிஸ்பனுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களின் சமூகம் கட்டியது இந்தக் கோயில். பருப்பு, சோறு, ரொட்டி, காய் என்று தட்டு நிறையும். பருப்பில் வெல்லம் இருக்கும், தமிழ் நாக்கு ஒரு வாய் திகைக்கும், இரண்டாவது வாயில் சமாதானமாகிவிடும். நடுவூரிலிருந்து தள்ளி இருப்பதால், போவதற்குமுன் அன்று சமையல் உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

இரவுகளுக்கு என் வழி வேறு. ஒன்று, 'ஷுராஷ்கேய்ரா' எனும் கோழி சுடும் கடை. பிளந்து தட்டையாக்கிய கோழியைக் கரியில் சுட்டு, கத்தரியால் வெட்டி, "பிக்காந்த்?" என்று கேட்டுக்கொண்டே தூரிகையால் காரச் சாறு பூசித் தருவார்கள். அரைக்கோழி, ஒரு பொட்டலம் சோறு, சாலட் எல்லாம் வாங்கி அறைக்குக் கொண்டுபோனால் இரண்டு பேர் சாப்பிடலாம். இன்னொன்று, மார்த்திம் மொனீஷ் சதுக்கத்தை ஒட்டிய பென்ஃபர்மோசு தெரு. வரிசையாக வங்கதேசத்தவரின் கடைகள். சோறும் மீன்குழம்பும் பருப்பும் நள்ளிரவை நெருங்கும்போதும் சூடாக இருக்கும், விலையும் தாஷ்கா மதியத்தைவிடக் குறைவு. தட்டில் சோறு தீர்ந்தால் கேட்பதற்குமுன் இன்னொரு கரண்டி விழும். இரவுக்கு மூன்றாவதாக நான் சொல்லும் பிஃபானா, பூண்டும் ஒயினும் ஊற்றிய குழம்பில் வெந்த பன்றி இறைச்சியை ரொட்டிக்குள் வைத்தது. கவுன்டரில் நின்று, கடுகுச் சாந்து பிழிந்து, கை ஒழுக ஒழுகச் சாப்பிட வேண்டும்.

காபியையும் நின்றே குடியுங்கள். கவுன்டர், உள்மேசை, வெளி மேசை என்று இடத்துக்கு இடம் விலை மாறும் கடைகள் உண்டு. பட்டியலில் 'பால்காவ்', 'மேசா', 'எஷ்ப்லனாதா' என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பேட்டைக் கடைக் கவுன்டரில் ஒரு 'பீக்கா' இன்றும் ஒரு யூரோவை ஒட்டித்தான். அதே காபி ஆற்றைப் பார்த்த வெளி மேசையில் மூன்றைத் தொட்டுவிடும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தருவதில்லை. அந்த மாதம் தாஷ்காக்கள் பல பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடும். சாப்பாட்டுப் பட்டியல் ஒட்டிய இடத்தில் அதே விரிப்புக் காகிதத்தில் 'ஃபேரியாஷ்', அதாவது விடுமுறை, திரும்பும் தேதி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாதிக் கடை திறக்காது. அப்போது அரோயுஷ்வாசிகளான நாங்கள் செய்வது, கைஷ் து சொத்ரே துறையில் படகேறி, பத்து நிமிடத்தில் தேஜு ஆற்றைக் கடந்து கசில்யாஷுக்குப் போவது. மெட்ரோவுக்கு வாங்கிய நவகாந்த் அட்டையிலேயே படகுக்கும் பணம் ஏற்றிக்கொள்ளலாம். இறங்கியதும் எதிரே தெரியும் முதல் வரிசைக் கடைகளைத் தாண்டி உள்தெருவுக்குள் நடங்கள். கண்ணாடியில் காகிதம் இருக்கிறதா, எத்தனை வரி அடிபட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.